கோட்டையைத் தாண்டி எந்தப் பக்கம்?

போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு நாற்பது பக்க நோட்டு கைக்கு வந்தது. அட்டையில் ‘கணக்கு’ என்று எழுதியிருக்கிறது. உள்ளே ஒரு கணக்கும் இல்லை. ‘ஊருக்குத் தெற்கே இறங்கு. ஆற்றுப் பாலம். கிழக்கே கோட்டை. கோட்டை தாண்டினால் பழைய பாலம். கதவு தானாகத் திறக்காது. பக்கத்துக் குழாயில் கைப்பிடி இருக்கும், திருகு’ என்று பென்சில் எழுத்து. எதிர்ப்பக்கத்தில் ஒரு ஆறு, இரண்டு மலை, நாலைந்து பெருக்கல் குறிகள். ஒரு குறிக்குப் பக்கத்தில் ‘இங்கே போகாதே’ என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு இட்டிருக்கிறேன்.

அக்கா மகன் வாங்கிப் பார்த்தான். ப்ளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரி திறக்கக் காத்திருப்பவன். “எந்த ஊருக்கு மாமா இது வழி?” என்றான்.

பால்மோரா என்கிற ஊர். பஸ் போகாது. 2002-ல் பெதஸ்டா நிறுவனம் வெளியிட்ட ‘தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 3: மோரோவிண்ட்’ என்ற ரோல் பிளேயிங் கேமுக்குள் இருக்கிறது. வார்டன்ஃபெல் என்று ஒரு தீவு, நடுவில் ஒரு எரிமலை. கையில் காசில்லாத கைதியாகக் கப்பலில் வந்து இறங்குகிறோம். அங்கிருந்து எங்கே போவது, என்ன ஆவது என்பதெல்லாம் நம் பாடு. ‘ஓப்பன் வேர்ல்ட்’ என்று இன்று சொல்லும் திறந்த உலகம் அப்போதே அப்படித்தான் திறந்து கிடந்தது.

பென்சில் காலம்

அசல் பெட்டியில் ஒரு காகித மேப் மடித்து வைக்கப்பட்டிருந்தது என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. என்னிடம் இருந்தது நண்பன் ரைட் செய்து கொடுத்த சி.டி. பெட்டியும் இல்லை, மேப்பும் இல்லை. அதனால்தான் அந்த நோட்டு.

முதல் வேலை சுலபமாகத்தான் தொடங்கும். ஒரு பொட்டலத்தைக் கொடுத்து, பால்மோராவில் கேயஸ் கொசாடஸ் என்பவரிடம் சேர்த்துவிடு என்பார்கள். அவர் வீடு எது? அது சொல்ல மாட்டார்கள். ஊருக்குப் போய் ஒரு சாராயக் கடையில் விசாரிக்க வேண்டும். பால்மோராவுக்குப் போக, யானையைவிடப் பெரிய ஒரு பூச்சியின் முதுகில் ஏறிக் கட்டணம் கொடுத்துப் போகலாம். காசு மிச்சம் பிடிக்க நினைத்தால் நடக்கலாம்.

நான் நடந்தேன். ஊரைவிட்டு வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் ஒரு மந்திரவாதி அலறிக்கொண்டே வானத்திலிருந்து என் முன்னால் விழுந்து செத்தான். அவன் உடம்பில் ஒரு குறிப்பேடும் மூன்று மந்திரச் சுருளும் இருந்தன. வானளாவத் தாவுவதற்கு அவன் கண்டுபிடித்த மந்திரம். ஒன்றைப் படித்துவிட்டுத் தாவினேன். தீவு முழுக்கக் காலுக்குக் கீழே ஓடியது. மந்திரத்தின் ஆயுள் ஏழே வினாடி என்பதும், இறங்கும்போது அது தீர்ந்துபோயிருக்கும் என்பதும், அவன் ஏன் செத்தான் என்பதும் தரை நெருங்கியபோதுதான் எனக்கு விளங்கின. யாரும் எதையும் விளக்கவில்லை. ஓர் அம்புக்குறிகூடக் காட்டவில்லை. ஆனாலும் இருபது வருடம் கழித்து அந்த இடம் கண்ணில் நிற்கிறது.

இதைச் சொல்லும்போது அந்தக் காலம் பொற்காலம் என்று ஒரு பெருமூச்சு வருமே, அதை அடக்கிக்கொள்கிறேன். எரிச்சலுக்கு அன்றும் பஞ்சமில்லை. எதிரில் நிற்கும் எலியைக் கத்தியால் வெட்டுவோம். கத்தி எலிக்குள் புகுந்து வெளியே வருவது கண்ணுக்குத் தெரியும். ஆனால் உள்ளே கேம் உருட்டிய பகடையில் அடி விழவில்லை என்று வந்திருக்கும். எலி அப்படியே நிற்கும். ஓடி வந்து களைத்திருந்தால் இன்னும் மோசம். ஆகாயத்தில் ‘கிளிஃப் ரேசர்’ என்று ஒரு பறக்கும் பிராணி. நாலடி நடந்தால் ஒன்று கத்திக்கொண்டு வரும். அதன்மேல் உலகெங்கும் இருந்த கடுப்பு பெதஸ்டாவுக்கும் எட்டியிருக்க வேண்டும். முதல் காட்சியில் கப்பலில் நம்மை எழுப்பிவிடும் ஜியுப் என்ற சக கைதி, பிற்காலத்தில் அந்தப் பிராணிகளை எல்லாம் தீவைவிட்டு விரட்டி மகான் ஆகிவிட்டான் என்று அடுத்த கேமில் ஒரு செய்தி வைத்தார்கள்.

நோட்டில் இருக்கும் வழி, ஒரு புதிர்ப் பெட்டியைத் தேடிப் போன வழி. அறிஞர் ஒருவர் வாயால் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். கோட்டை வரை சரியாகப் போய்விட்டேன். பாலம் கிடைக்க ஒரு சாயங்காலம் ஆனது. அழிந்துபோன பழைய இனத்தாரின் இடிந்த நகரம், உள்ளே இருட்டு, நீராவிக் குழாய்கள், கொள்ளைக்காரர்கள். தேடிய பெட்டி கைக்கு அடக்கமானது. ஓர் அலமாரித் தட்டில் மற்ற சாமான்களோடு சாமானாக உட்கார்ந்திருந்தது. அதைக் கண்டுபிடிக்க இன்னும் ஒரு சாயங்காலம். சில இடங்களுக்கு அந்தக் கேமில் சொல்லப்படும் வழியே தப்பு. கிழக்கு என்று சொல்லியிருப்பார்கள், இருப்பது மேற்கு. ராத்திரி பதினொரு மணிக்கு அப்படி ஒரு மலையைச் சுற்றினால் வாயில் நல்ல வார்த்தை வராது.

வாய் வந்தது, வழி போனது

அடுத்த பாகமான ‘ஒப்ளிவியன்’ 2006-ல் வந்தது. திரையின் அடியில் ஒரு திசைகாட்டி. அதில் ஒரு குறி. போக வேண்டிய இடம், பார்க்க வேண்டிய ஆள், எடுக்க வேண்டிய பொருள் எல்லாவற்றுக்கும் குறி. ஊர்களுக்கு மேப்பில் ஒரு தட்டு தட்டினால் போய் இறங்கிக்கொள்ளலாம்.

ஆட்டக்காரர்களைச் சோம்பேறி ஆக்கத்தான் இதைச் செய்தார்கள் என்று பழைய ஆட்கள் இன்றும் திட்டுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரணம் தொண்டையில் இருக்கிறது. மோரோவிண்டில் பெரும்பாலான பேச்சு எழுத்தில்தான் வரும். கதை எழுதுபவர் தட்டச்சுப் பலகையில் நாலு வரி சேர்த்தால் வழி சொல்லிவிடலாம், செலவு கிடையாது. ஒப்ளிவியனில் எல்லாருக்கும் குரல் கொடுத்தார்கள். ஆரம்பத்திலேயே செத்துப்போகும் பேரரசருக்குக் குரல், பிரபல நடிகர் பேட்ரிக் ஸ்டூவர்ட். ஒவ்வொரு வரியையும் ஒரு நடிகர் ஒலிப்பதிவுக் கூடத்தில் பேசியாக வேண்டும் என்று வந்தபின், ‘தெற்கே இறங்கி, பாலம் தாண்டி, இரட்டைப் பாறைக்கு இடது பக்கம்’ என்று பேசவைப்பது கட்டுப்படியாகாது. நடுவில் கேமை வடிவமைப்பவர் பாறையை நகர்த்திவிட்டால் மறுபடி ஒலிப்பதிவு. அம்புக்குறிக்கு அந்தத் தொந்தரவு இல்லை. கன்சோலை டிவியில் மாட்டிச் சோபாவிலிருந்து ஆடுபவருக்குப் பக்கம் பக்கமாகப் படிக்கவும் முடியாது. ஊர்க்காரர்களுக்கு வாய் வந்தது; அவர்கள் சொல்லும் வழி போயிற்று.

2011-ல் வந்த ‘ஸ்கைரிம்’ வைத்திருப்பவர்கள் ஒன்று செய்து பார்க்கலாம். குறிகளை அணைத்துவிட்டு ஏதாவது ஒரு சில்லறை வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘இன்ன குகையிலிருந்து இன்ன வாளைக் கொண்டு வா’ என்று இருக்கும். குகை எந்தத் திக்கில் இருக்கிறது என்று பல சமயம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், எங்கும் எழுதியிருக்காது. குறியை அணைத்தால் ஆட்டமே நின்றுவிடும். ‘வேண்டாதவர் அணைத்துக்கொள்ளலாமே’ என்ற சமாதானம் அங்கே செல்லாது.

இன்னொரு தொல்லையும் ஒப்ளிவியனில்தான் பெரிதாக வெளிச்சத்துக்கு வந்தது. நாம் லெவல் ஏற ஏற, ஊரில் உள்ள எதிரிகளும் கூடவே ஏறுவார்கள். எங்கே போனாலும் சண்டை நம் பலத்துக்குச் சமமாக இருக்கட்டும் என்பது எண்ணம். நடந்தது வேறு. கடைசிக் கட்டத்தில் வழிப்பறித் திருடன்கூடப் பளபளக்கும் கண்ணாடிக் கவசத்தில் வந்து நிற்பான். அந்தக் கவசத்தை விற்றால் அவன் குடும்பம் உட்கார்ந்து சாப்பிடலாம். அவனோ நம்மிடம் நூறு காசு கேட்பான்.

குறி பூத்த மேப்

அக்கா மகன் ஆடிக்கொண்டிருந்தது ‘விட்சர் 3’. 2015-ல் போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் எடுத்தது. குடிகாரத் தளபதி ஒருவன், ஓடிப்போன அவன் மனைவி, மகள் என்று அதில் வரும் கதையைப் போலக் கேம்களில் எழுதியவர்கள் குறைவு. நான் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். போரில் நாசமான வெலன் பகுதியில் குதிரையில் போகிறான். சூரியன் இறங்குகிறது, சதுப்பு நிலத்தில் காற்று அடித்து மரங்கள் சாய்கின்றன. வழியில் ஒரு பெரிய மரம். கிளை கிளையாகத் தூக்கில் தொங்கும் பிணங்கள். அந்த இடத்துக்கு அந்த மரம்தான் அடையாளம். குதிரை அதைக் கடந்து போயிற்று.

“அந்த மரத்தைப் பார்த்தியாடா?”

“எந்த மரம் மாமா?”

அவன் கண் திரையின் வலது மேல் மூலையில் இருந்தது. ஒரு ரூபாய் அளவு வட்டம். அதில் ஒரு புள்ளிக்கோடு. கோட்டிலிருந்து குதிரை விலகாமல் பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனையோ ஓவியர்கள் வருடக்கணக்கில் வரைந்த ஊரை அந்த வட்டம் விழுங்கிவிட்டது.

மேப்பைத் திறந்து காட்டச் சொன்னேன். ஸ்கெல்லிகே என்ற தீவுக் கூட்டத்தைச் சுற்றிக் கடலெங்கும் கேள்விக்குறி. பெரும்பாலானவை கடத்தல்காரர்கள் மிதக்கவிட்ட பீப்பாய்களும் பெட்டிகளும். படகில் போய், தலைக்கு மேல் வட்டமிடும் சைரன்களை விரட்டி, முங்கி எடுத்தால் உள்ளே பெரும்பாலும் விற்றுப்போட வேண்டிய சாமான். அப்படி எடுத்துக்கொண்டே போனால் மூட்டை கனம் கூடிவிடும்; ஹீரோவால் ஓட முடியாது.

விட்சர் ஒரு நல்ல பிள்ளை. மற்ற வீடுகளில் இன்னும் மோசம். 2014-ல் வந்த ‘டிராகன் ஏஜ்: இன்குவிசிஷன்’ கேமின் முதல் பெரிய பகுதி ஹிண்டர்லேண்ட்ஸ். மூலிகை பறி, ஆட்டுக்கறி கொண்டு வா, கல் துண்டு பொறுக்கு என்று அங்கே வேலை முடிவதே இல்லை. மேப்பில் ஒரு குறியும் மிச்சமிருக்கக் கூடாது என்று நினைத்தவர்கள் பல நாள் அங்கேயே கிடந்தார்கள். கதை வெளியே அவர்களுக்காகக் காத்திருந்தது. ஹிண்டர்லேண்ட்ஸை விட்டுக் கிளம்புங்கள் என்று எடுத்தவர்களே சொல்லும்படி ஆயிற்று. பந்தி போட்டவரே ‘எழுந்திருங்கய்யா’ என்று இலையை மடிக்கச் சொன்ன கதை.

மணிக்கணக்கு விளம்பரமாகவும் ஆனது. 2022 ஜனவரியில் ‘டையிங் லைட் 2’ வெளிவரும் முன், அதை முழுசாக முடிக்க 500 மணி நேரமாவது வேண்டும் என்று அதை எடுத்தவர்கள் பெருமையாக அறிவித்தார்கள். வார்சாவிலிருந்து மாட்ரிட் வரை நடந்து போகும் நேரமாம். முன்பென்றால் கைதட்டு விழுந்திருக்கும். இந்த முறை ஆட்டக்காரர்கள் பதறினார்கள். பிறகு, கதை மட்டும் என்றால் 20 மணி நேரம், பக்கக் கதைகளோடு சேர்த்து 80 என்று இறங்கி வந்தார்கள். 2018-ல் வந்த ‘அசாசின்ஸ் கிரீட்: ஒடிசி’யில் அனுபவப் புள்ளி ஒன்றரை மடங்காக ஏறும் வசதியைத் தனிக் காசுக்கு விற்றார்கள். நேரத்தை மிச்சப்படுத்தும் சரக்கு என்று அந்த வகைக்குப் பெயர். கேம் வாங்க ஒரு காசு, அதைக் கொஞ்சம் குறைவாக ஆட இன்னொரு காசு.

என் சொந்தக் கதை ஒன்று. கேம் பெயர் வேண்டாம். போன தீபாவளிக்கு வாங்கினேன். இரண்டு நாள் டவுன்லோட், அப்புறம் ஒரு அப்டேட். ஆசையாகப் பத்து நாள் ஆடினேன். ஆபீஸில் ஆடிட் வந்து மூன்று வாரம் தொடவில்லை. திரும்பத் திறந்தால் எந்த பட்டன் எதற்கு என்று மறந்திருந்தது. பட்டியலில் நாற்பத்தொரு வேலை பாக்கி. அதில் ஒருத்தி தன் தம்பியைத் தேடித் தரச் சொல்லியிருக்கிறாள். யார் அவள், தம்பி ஏன் போனான், எதுவும் நினைவில்லை. அம்புக்குறி மட்டும் தெளிவாகத் தெரிந்தது. போனேன், தம்பி கிடைத்தான், காசு கொடுத்தார்கள். அடுத்த வேலை என்று மூலையில் எழுத்து வந்தது. ஆபீஸ் மெயில் பெட்டியைத் திறந்தது போலிருந்தது. மூடிவிட்டேன்.

அன்றைய கடுப்புக்கும் இன்றைய கடுப்புக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். அன்று பாலம் கிடைக்காமல் திட்டிக்கொண்டே படுத்தால், படுக்கையிலும் அந்தப் பாலத்தைத் தேடிக்கொண்டிருப்பேன். இன்று எல்லாம் கிடைக்கிறது. படுத்தால் ஒன்றும் நினைவுக்கு வருவதில்லை.

பெரிசு புதுசல்ல

கேம்கள் பெரிதாகிவிட்டதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் மோரோவிண்டுக்கு முந்தைய பாகமான ‘டாகர்ஃபால்’ 1996-லேயே கிரேட் பிரிட்டன் அளவுக்கு நிலம் கொண்டது என்று சொல்லி வந்தது. ஆயிரக்கணக்கான ஊர்களைக் கணினியே கணக்குப் போட்டுப் பெருக்கியது. ஒரு ஊரைப் பார்த்தால் பல ஊர் பார்த்த மாதிரி. பாதாளச் சுரங்கங்கள் நூல்கண்டு சிக்கியது போலிருக்கும். உள்ளே போனவர் வெளியே வந்தால் புண்ணியம். பின்னாளில் ரசிகர்கள் அந்தக் கேமைப் புதிதாகக் கட்டி எழுப்பியபோது, சுரங்கங்களைச் சின்னதாக்கிக்கொள்ள ஒரு வசதியைச் சேர்த்துக்கொண்டார்கள்.

மோரோவிண்டில் அதே நிறுவனம் இறங்கி வந்தது. ஒரே ஒரு தீவு. பெரும்பாலும் கையால் அடுக்கியது. தூரம் தெரியாமல் பனிமூட்டத்தால் மறைத்து, நம்மை மெதுவாக நடக்கவிட்டு, அந்தச் சின்னத் தீவைப் பெரிதாகக் காட்டினார்கள். பிறகு 2023-ல் ‘ஸ்டார்ஃபீல்ட்’. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிரகங்கள். வட்டில் 125 ஜிபி இடம் வேண்டும். மோரோவிண்டுக்கு 1 ஜிபி போதும். கிரகத்தில் இறங்கி வெகுநேரம் நடந்து ஓர் ஆராய்ச்சிக் கூடத்துக்குள் நுழைந்தால், முந்தின கிரகத்தில் பார்த்த அதே கூடம், அதே மேசை என்று ஆட்டக்காரர்கள் புலம்பினார்கள். 27 வருடம் சுற்றி டாகர்ஃபாலுக்கே வந்து சேர்ந்தது போல.

இதற்கு எதிர்த் திசையிலும் சிலர் நடந்தார்கள். நின்டெண்டோவின் ‘ப்ரெத் ஆஃப் தி வைல்ட்’ 2017-ல் வந்தது. கோபுரம் ஏறினால் நில அமைப்பு மட்டும்தான் மேப்பில் வரும். எங்கே என்ன என்று வராது. உச்சியில் நின்று சுற்றிப் பார்த்து, கண்ணில் பட்ட இடத்துக்கு நாமே ஒரு குறி வைத்துக்கொள்ள வேண்டும். என் நோட்டில் பென்சிலால் போட்ட பெருக்கல் குறிக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. அதே கேமில் 900 கோரோக் விதைகளை ஒளித்து வைத்தார்கள். பையை முழுக்க விரிவாக்க 441 போதும். அப்படியும் 900-ஐயும் பொறுக்கி முடித்தவருக்குப் பரிசு, தங்க நிறத்தில் சாணிக் குவியல் போன்ற ஒரு பொருள். எல்லாவற்றையும் பொறுக்குகிறவனைப் பார்த்துக் கண்ணடித்தார்கள்.

2022-ல் ஃப்ரம்சாஃப்ட்வேரின் ‘எல்டன் ரிங்’ இன்னும் ஒருபடி போனது. வேலைப் பட்டியலே கிடையாது. ஆரம்பத்தில் வெளியே வந்ததும் தங்கக் கவசக் குதிரை வீரன் ஒருவன் எதிரே வருகிறான். சுற்றிப் போகவும் இடமிருக்கிறது; தெரியாதவர்கள் மோதி மோதிச் சாகிறார்கள். அதற்கும் புகார் வந்தது. பேசிய ஆளை மறுபடி எங்கே தேடுவது என்று தவித்தார்கள். அடுத்த மாதமே ஓர் அப்டேட்டில், சந்தித்த ஆட்களின் அடையாளம் மேப்பில் பதியும்படி செய்தார்கள். பட்டியல் கொடுத்தாலும் திட்டுகிறோம், பிடுங்கினாலும் திட்டுகிறோம்.

இதையெல்லாம் அக்கா மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்று சொன்னான். “உங்ககிட்ட ஒரே ஒரு சி.டி. இருந்துச்சு மாமா. அது புரியலைன்னா நாளைக்கும் அதேதான். எங்கிட்ட லைப்ரரில அறுபது கேம் கெடக்கு. பாலம் கெடைக்கலைன்னா அடுத்ததுக்குப் போயிருவேன்.”

எனக்குப் பதில் வரவில்லை. இரண்டு சாயங்காலத்தை ஒரு புதிர்ப் பெட்டிக்குக் கொடுக்க அன்று என்னிடம் வேறு செலவு இல்லாத சாயங்காலங்கள் இருந்தன. இன்று எனக்கே அம்புக்குறி இல்லாவிட்டால் ஓடாது. ஆடிட் முடிந்து வந்து நாற்பது நிமிடம் ஆட உட்காருகிறவன் மலையைச் சுற்றிக்கொண்டிருப்பானா? குறி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூடவே ஒருவர் வாயாலும் வழி சொன்னால் போதும். ஒடிசியில்கூட அப்படி ஒரு முறை உண்டு: எந்த நாட்டில், எதற்குத் தெற்கே என்று சொல்லிவிட்டு, மிச்சத்தை நம் கண்ணுக்கும் நாம் பறக்கவிடும் கழுகுக்கும் விட்டுவிடும். குறி வேண்டும் என்பவர் வழக்கம்போல வைத்துக்கொள்ளலாம். செய்ய முடியாத காரியம் இல்லை.

ஊருக்குப் போகும்போது அவன் நோட்டை எடுத்துக்கொண்டு போனான். நான் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்தரைக்கு போன் வந்தது.

“மாமா, கோட்டைக்கு வந்துட்டேன். இந்தப் பறக்குற சனியன் ரெண்டு தொரத்துது. கோட்டையைத் தாண்டி எந்தப் பக்கம்?”

“நோட்டுல இருக்கேடா.”

“உங்க கையெழுத்து படிக்க முடியல.”

யோசித்துப் பார்த்தேன். வடக்கா? பாலம் எனக்கும் மறந்துவிட்டது. நெட்டில் பார்த்துக்கொள் என்று சொல்ல வாய் வந்தது.

“கோட்டைக்குள்ள வீரனுங்க நிப்பானுங்க பாரு,” என்றேன். “போய்க் கேளு.”